ஏசியை நிறுத்திய வருடம்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், உப்பளம் என்கிற பேட்டையில், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு நீளமான குடோன் இருந்தது. கப்பல் வந்துகொண்டிருந்த காலத்தில் அதில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். சுனாமி வந்துபோய்ச் சில வருடங்கள் கழித்து நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது அதன் சுவர் முழுக்கப் பலகை அடித்திருந்தது. பலகையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி, உத்தரத்திலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, கீழே தடித்த ஸ்பாஞ்சு மெத்தைகளைப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மலை கிடையாது. மலையேற ஆசைப்பட்டவர்கள் காசு கட்டிவிட்டு இந்தச் சுவரில் ஏறிக்கொள்ளலாம்.

நான் விளையாட்டு ஆசிரியை வேலைக்குப் படித்துவிட்டு அரசு வேலைக்குப் பதிந்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தவள். ஸ்டேடியத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "உனக்குக் கை நீளம். உயரம்னா பயமா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். மறுநாளே வேலை கொடுத்துவிட்டார். அவர்தான் அந்தச் சுவரேறும் கூடத்தை நடத்துகிறவர். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, எல்லாரும் அவரை முசே என்று கூப்பிட்டோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர்களுக்குப் பென்ஷன் பிரான்சிலிருந்து வரும். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட, பெரியவர்கள் மட்டும் திரும்பி வந்து பெரிய வீட்டில் தனியாக இருப்பார்கள். இவரும் அப்படித்தான். மனைவி இறந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் பிரான்சில் இருந்தாள். பட்டாளத்தில் பனிமலையில் ஏறப் பழகியவர், ஓய்வுக் காலத்தில் சும்மா உட்கார முடியாமல் குடோனை வாடகைக்கு எடுத்து உள்ளே ஒரு மலையைக் கட்டிவிட்டார்.

கயிறு கட்டுவதிலிருந்து விழுவது எப்படி என்பது வரை அவர்தான் எனக்குக் கற்றுத் தந்தார். முதன்முதலாகச் சுவரின் உச்சியைத் தொட்டபோது கீழே அவர் தலை ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தது. என் வயதுப் பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது. நான் மட்டும் ஒரு பலகையின் உச்சியில் இடுப்புப் பட்டையோடு தொங்கிக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் அடக்க முடியவில்லை.

கூடத்துக்குள் எப்போதும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர்க் காற்றில் உட்கார்ந்திருந்தாலே வேர்க்கும். வேர்த்த கையால் பிடியைப் பிடித்தால் வழுக்கும். வெள்ளைப் பொடியை எவ்வளவு பூசிக்கொண்டாலும் நாலு பிடி தாண்டுவதற்குள் கூழாகிவிடும். அதனால் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, பெரிய ஏசிகளாகப் பொருத்தியிருந்தார். மேலே தகரக் கூரை. வெயில் காலத்தில் ஏசி இரைந்துகொண்டே இருந்தாலும் மதியத்தில் குளிர் வராது. கரண்ட் போனால் பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் ஓடும். அதன் புகை நேராகப் பின்வீட்டு அடுப்படிக்குள் போகும். அங்கே மீன் விற்கிற ஒரு அம்மா குடியிருந்தார். வாரத்துக்கு ஒரு தடவையாவது வாசலில் வந்து நின்று கத்துவார்.

"யோவ் முசே! நீ ஆளுங்கள செவுத்துல ஏத்துறதுக்கு நான் எதுக்குய்யா இருமிக்கினு சாவணும்?"

முசே தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். அப்புறம் புகைக்குழாயை இன்னும் ஒரு முழம் உயர்த்துவார். புகை அடுத்த வீட்டுக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். முசேவுக்கு ஒரு காது மந்தம். அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன். லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படிப்பு முடிகிற வரை இங்கேயே வளர்ந்தவள் என்பதால் நல்ல தமிழ் பேசுவாள். அப்பாவைப் பிரெஞ்சு வழக்கப்படி பாப்பா என்பாள். பட்டாள மீசை வைத்த மனிதரை ஒரு பெண் குரல் பாப்பா, பாப்பா என்று கூப்பிடுவது முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்த வருடம் நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் வருவதாக இருந்தது. முசே வீட்டுக்கு வெள்ளையடித்தார். மாடி அறைக்குப் புதுக் கொசுவலை வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்:

"பாப்பா, நான் வரல. இனிமே பிளேன் ஏறறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அதில்ல. ஒரு தடவ வந்துட்டுப் போறதுக்கு எவ்ளோ கார்பன் வெளிய போவுது தெரியுமா? நான் வேல செய்யறதே அதப் பத்தித்தான். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே ஏறி ஒக்கார முடியல பாப்பா."

முசே சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். "இந்தத் துறைமுகத்துலேர்ந்துதான் எங்க அப்பா கப்பல் ஏறினாரு. நீயும் கப்பல்ல வா."

"இப்ப ஏது பாப்பா கப்பல்?" என்றாள். குரலில் விளையாட்டு இல்லை. அப்புறம் சொன்னாள்: "நீங்களும்தான் யோசிக்கணும். ஒரு தகர கொட்டாய்க்குள்ள ஏசி போட்டு, ஜெனரேட்டர் ஓட்டி... எதுக்கு? செவுரு ஏறறதுக்கு."

போனை வைத்த பிறகு அவர் நெடுநேரம் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். மேலே ஏசி இரைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை நான் போனபோது சுவரோரம் ஒரு பலகையை நிறுத்தி, வெள்ளைப் பொடிக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஏசிக்கு ஒரு கோடு, ஜெனரேட்டருக்கு ஒன்று. பிரான்சிலிருந்து வரவழைக்கிற பிளாஸ்டிக் பிடிகளுக்கு ஒன்று. வருடா வருடம் மாற்றுகிற மெத்தைக்கும் கயிற்றுக்கும் ஒன்று. எதிலிருந்து எவ்வளவு கரியமில வாயு போகிறது என்று மகளிடமே கேட்டுக் கேட்டு, கோடுகளை நீட்டியும் குறைத்தும் போட்டார். கடைசியில் எல்லாவற்றையும் விட நீளமாக ஒரு கோடு வந்தது. அது எங்கள் கூடத்துக்குள்ளேயே இல்லை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆளுக்கொரு கார் போட்டுக்கொண்டு சுவர் ஏற வந்தவர்களின் கோடு அது.

"அவங்க வரலன்னா நமக்கு வாடகையே கட்ட முடியாதே முசே" என்றேன்.

"தெரியும்மா. மொதல்ல நம்ம கையில இருக்கறதக் கொறைப்போம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. நல்ல காரியத்தில் கைவைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் விமானம் ஏறியதே இல்லை. எங்கள் வீட்டில் ஏசியும் கிடையாது. பூமி சூடாவதில் என் பங்கு ஒரு பிடி சாம்பல்கூட இருக்காது. ஆனாலும் ஊருக்காகக் கோயில் கட்டுகிற வேலைபோல அதைச் செய்தேன்.

முதலில் ஜெனரேட்டரை விற்றோம். அதை லாரியில் ஏற்றிய அன்று மீன்காரம்மா வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் தூக்குச்சட்டியில் சங்கரா மீன் குழம்பு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்ததாக ஏசிகளை இறக்கினோம். ஜன்னல்களில் அடைத்திருந்த செங்கற்களை உடைத்து எடுத்தோம். கிழக்குப் பக்கத்து ஜன்னல் திறந்ததும் கடற்காற்று உள்ளே வந்து, அதுவரை அசையாமல் தொங்கிய கயிறுகளை ஆட்டியது. முசே குழந்தைபோல அந்தக் காற்றில் போய் நின்றார். கூரைமேல் சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, வெப்பம் வெளியே போக உச்சியில் சுழலும் காற்றுப்போக்கிகளை வைத்தோம். வெயில் ஏறுவதற்குள் ஒரு வகுப்பும் வெயில் தாழ்ந்து ஒரு வகுப்புமாக நேரத்தை மாற்றினோம். உடைந்த பிடிகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வாங்கவில்லை. இடித்த வீடுகளிலிருந்து வந்த பழைய நிலைச்சட்டங்களைச் செதுக்கி மரப்பிடிகளைச் செய்து திருகினோம். மெத்தைகளை மாற்றாமல், கிழிந்த இடங்களைத் தைத்துப் போட்டோம்.

அரியாங்குப்பம், வீராம்பட்டினம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வரக்கூடிய பெண்பிள்ளைகளுக்குக் காலை வகுப்பு இலவசம் என்று முசே அறிவித்தார். "சைக்கிள்ல வர்ற ஆளுதான் நமக்கு வேணும். அதுக்கு இந்தப் பலகையில கோடே கெடையாது பாரு" என்றார். மீன்பிடி வீட்டுப் பெண்கள் சிலர் வந்தார்கள். வலை இழுத்துப் பழகிய கைகளுக்குக் கயிறு கூச்சமாக இல்லை. சுடிதாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட, சென்னைக்காரர்கள் விழுந்த இடங்களைத் தாண்டிப் போனார்கள். வழுக்கினால் கீழே தொங்கிக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தார்கள். அந்தச் சில மாதங்களைத்தான் நான் அந்தக் கூடத்தின் நல்ல காலம் என்று சொல்வேன்.

முசே ஒவ்வொரு ஞாயிறும் மகளிடம் சொல்வார். ஏசியை நிறுத்திவிட்டோம், ஜெனரேட்டர் போய்விட்டது, கீற்று போட்டாயிற்று. பரீட்சையில் மார்க் வாங்கிய பிள்ளை சொல்வதுபோல இருக்கும். அவள், "நல்லது பாப்பா, ரொம்ப நல்லது" என்பாள். அவளுக்கு எப்போதும் எங்கேயோ போகிற அவசரம் இருக்கும். பின்னால் ரயில் ஓடும் சத்தம் கேட்கும். எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் கேட்பார்: "அப்ப நீ எப்ப வர்றே?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ரயில் சத்தம் மட்டும் வரும்.

"பாப்பா, நான்தான் சொன்னேன்ல."

ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. அவர் போனை வைத்ததும் கேட்டுவிட்டேன். "முசே, நீங்க இதையெல்லாம் அவங்க வரணும்னு செய்யறீங்களா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "அவ சொல்றது சரிம்மா. சரின்னு தெரிஞ்சப்புறம் செய்யாம இருக்க முடியுமா? ஆனா செஞ்சா ஒரு தடவ வந்து பாப்பான்னு ஒரு நெனப்பு. ரெண்டும்தான்."

சென்னைக்காரர்களுக்குக் காற்று போதவில்லை. முதல் வெயில் காலத்திலேயே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேரிடம் முசே புதிதாக ஒன்று சொன்னார். பஸ்ஸில் வந்தால் கட்டணத்தில் பாதி போதும், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவர ஆள் அனுப்புகிறேன் என்றார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர், வாரம் தவறாமல் வருகிறவர், பனியன் உடம்போடு ஒட்டியிருக்க, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சார், ஏசி இல்லாம இந்த அடுப்புக்குள்ள வர்றதே பெருசு. இதுல பஸ்ல வேற தொங்கிக்கிட்டு வரணுமா? எங்க ஆபீஸ்ல பத்து மாடிக்கும் ராத்திரி பகலா ஏசி ஓடுது. நீங்க ஒருத்தர் நிறுத்தி என்னாவப் போவுது?"

முசே பலகையின் அருகே போய் நீளமான அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அவரோடு வந்த கூட்டமும் நின்றது. கோடு தானாகவே குட்டையானது. கட்டணம் வருவது நின்றுபோய், வாடகை அவருடைய பென்ஷன் பணத்திலிருந்து போக ஆரம்பித்தது.

மழைக்காலம் வந்தது. திறந்த ஜன்னல் வழியாக ஈரம் உள்ளே வந்து தங்கியது. மரப்பிடிகளில் பச்சையாகப் பூசணம் பூத்தது. நான் துடைப்பேன். மறுநாள் திரும்பவும் பூத்திருக்கும். மெத்தைகள் ஈரத்தை உறிஞ்சி, ஊறிய ரொட்டிபோல நாறின. வெயிலில் போட்டால் காய்வதற்குள் அடுத்த மழை வந்தது. வெயில் வந்த பிறகும் அவை பழையபடி மேலே எழவில்லை. மிதித்த இடம் குழியாகவே நின்றது. "புது மெத்தை வாங்கலாம் முசே" என்றேன். "இந்த வருஷம் ஓட்டிடலாம். ஸ்பாஞ்சுன்னாலே பெட்ரோல்லேர்ந்து செய்யறதும்மா" என்றார்.

உப்புக்காற்று செய்த வேலை கண்ணுக்குத் தெரியவில்லை. பிடிகளைத் திருகியிருந்த போல்ட்டின் தலை வெளியே பளபளவென்றுதான் இருந்தது. முசே அவற்றை வாரா வாரம் போல்ட் சாவி போட்டு முடுக்கிப் பார்ப்பார். பலகைக்குப் பின்னால், சுவருக்கும் பலகைக்கும் நடுவே கைபோகாத இடத்தில், மரத்தில் பதித்திருந்த நட்டுகளை உப்பு தின்றுகொண்டிருந்தது. ஜன்னல்கள் அடைத்திருந்த காலத்தில் அந்தப் பக்கம் காற்றே போனதில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை வேளை. பிள்ளைகள் இன்னும் வரவில்லை. நான் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். முசே பிள்ளைகளுக்காக முந்தின நாள் மாற்றியமைத்த பிடிகளைச் சரிபார்க்க, கயிறு இல்லாமல் ஏறுகிற தாழ்ந்த சுவரில் ஏறினார். தினமும் ஏறுகிற சுவர்தான். உச்சியில் ஒரு மரப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்தார். பிடி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றியது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் கீழே கிடந்தார். விழுவது எப்படி என்று எனக்குக் கற்றுத் தந்தவர், பக்கவாட்டில், இடுப்பு அடிபட, மெத்தை குழிந்துபோயிருந்த இடத்திலேயே விழுந்திருந்தார். கையில் அந்த மரத்துண்டு இருந்தது.

"எழுந்திரிக்க முடியலம்மா" என்றார். வலியை விட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் அதிகமாக இருந்தது.

மீன்காரம்மாதான் முதலில் ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வருகிற வரை முசேவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் விசிறினார். சைக்கிளில் வந்து இறங்கிய பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அதுதான் அவர்கள் வந்த கடைசி நாள். மறுவாரம் ஒரு பிள்ளையின் அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன். "கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணும்மா. பட்டாளத்துல இருந்த ஆளுக்கே இடுப்பு ஒடஞ்சிப் போச்சின்னா இதுங்க கதி இன்னா?" என்றார். 

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் முசேவுக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாகத்தான் செய்தார்கள். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர், வயதும் ஆகியிருந்தது. எழுந்து நடக்க மாதக்கணக்காகும், தனியாக விடக்கூடாது என்றார்கள். மகளுக்கு நான்தான் போன் செய்தேன். முதல் முறையாக அவள் குரல் எனக்கென்று வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். அப்புறம், "நான் வரேன்" என்றாள். எப்படி வருவாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வார்டு வாசலில் நின்றாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவள். ஒடிசலான உடம்பு, கழுத்து வரை வெட்டிய முடி. தூங்காத கண். முசே கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு மேலாக ஞாயிறு தோறும் இவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே என்று நினைத்து, நான் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன்.

"பிளேன்லயா வந்தே?" என்று கேட்டார்.

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"என்னாலதானே" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "பாப்பா, பாப்பா" என்று அவர் தோளைத் தடவினாள். வார்டில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். அவர் திரும்பவேயில்லை. அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அதையும் முதுகுப் பக்கமிருந்துதான் பார்த்தேன்.

அன்று மதியம் கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னாள். பூட்டைத் திறந்துவிட்டேன். கீற்றுக் கூரை, திறந்த ஜன்னல்கள், தையல் போட்ட மெத்தைகள், பூசணம் துடைத்த தழும்போடு மரப்பிடிகள். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பலகையில் இருந்த கோடுகளுக்கு முன்னால் நின்றாள். ஓரத்தில் முசே பிற்பாடு ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தார்.

"என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"பொண்ணு ஒரு தடவ வந்து போறதுக்கு." விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள். "கணக்குல என்னையும் சேத்துட்டு, மத்ததக் கொறச்சி எனக்கு எடம் பண்ணியிருக்காரு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கோட்டைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னவென்று கேட்டதில்லை.

"நான் இதையெல்லாம் கேக்கவே இல்லியே" என்றாள் அவள்.  "நான் பிளேன் ஏற மாட்டேன்னுதான் சொன்னேன். ஏதோ கோவத்துல ஏசியப் பத்தி ஒரு வார்த்த சொன்னேன். அம்மா செத்தப்ப வந்தேன்ல, அப்ப ஏர்போர்ட்ல ஒக்காந்துகினு நெனச்சேன், இதான் கடைசின்னு. அம்மா இல்லாத வீட்டுக்கு வர்றதுக்கு எனக்கு பயமாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. எது எதுன்னு எனக்கே தெரியல."

ஒரு மரப்பிடியைப் பிடித்தாள். அது அவள் கையோடு சுற்றியது. உடனே கையை எடுத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் அந்தப் புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டு நின்றோம். அவளைத் திட்டிவிட வேண்டும் என்று வந்திருந்தேன். முடியவில்லை. அவள் சொன்னது சரி, அவர் செய்ததும் சரி. சரியாகச் செய்த காரியங்கள் வரிசையாக வந்து ஒரு மனிதரின் இடுப்பை உடைத்துவிட்டன. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவரைத் தன்னோடு கூட்டிப்போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. அவளுடைய வேலை அங்கே இருந்தது. இங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முசேவே வேண்டாம் என்றுவிட்டார். "உனக்கு ஒரு வாழ்க்கை இருக்குதும்மா" என்றார். படுத்தபடியே போக வேண்டும் என்பதால் விமானத்தில் ஒரு வரிசை சீட்டுகளை மடக்கிக் கட்டில்போலப் போடுவார்களாம். கிளம்புகிற அன்று ஆம்புலன்சுக்குள் நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏசியும் ஜெனரேட்டரும் நிறுத்தி மிச்சம் பண்ணதெல்லாம் நான் படுத்துகினு போறதுக்கே சரியாப் போயிடும் போல."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சிரிக்கவில்லை. சென்னை சாலையில் கார்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.

குடோனை முசேவுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர் காத்திருக்கவில்லை. வைகாசி முகூர்த்தங்களுக்குள் அதைக் கல்யாண மண்டபமாக மாற்ற வேண்டும் என்று அவசரப்பட்டார். கீற்றைப் பிரித்தார்கள், ஜன்னல்களைத் திரும்பவும் அடைத்தார்கள். நாங்கள் வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு ஏசி வந்தது. பின்பக்கம் லாரி அளவுக்கு ஒரு ஜெனரேட்டர் வந்து இறங்கியபோது மீன்காரம்மா வெளியே வந்து பார்த்தார். கத்தவில்லை. அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

பலகைகளைத் தச்சர்கள் வாங்கிக்கொண்டார்கள். மரப்பிடிகளை ஒரு டீக்கடைக்காரர் விறகுக்கு எடுத்துப்போனார். பிளாஸ்டிக் பிடிகளைப் பழைய இரும்புக் கடைக்காரர் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உருகாதும்மா, எவனும் வாங்க மாட்டான்" என்று திருப்பித் தந்துவிட்டார். மெத்தைகளை நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கேட்டுப் பார்த்தேன். வந்து பார்த்தவர்கள் நாற்றம் அடித்ததும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் மண்டபத்து ஆட்களே எல்லாவற்றையும் ஒரு டிராக்டரில் ஏற்றி ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அங்கே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. ஏதாவது ஒன்றைத் திரும்ப எடுத்துவர முடியுமா என்றிருக்கலாம். குப்பைக்கு யாரோ தீ வைத்திருந்தார்கள். ஸ்பாஞ்சு எரிகிறபோது புகை கருப்பாக, தடித்து, அவசரமில்லாமல் எழும்புகிறது. நான் தைத்த தையல்கள் எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. புகை கண்ணைக் கரித்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குள் முசே போனில் பேசுகிற அளவுக்குத் தேறியிருந்தார். அந்த ஞாயிறு அவரே கூப்பிட்டார். கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டார். மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டார். பலகை என்னாச்சு, பிடி என்னாச்சு, மெத்தை என்னாச்சு. ஒவ்வொன்றுக்கும் நடந்ததையே சொன்னேன். மெத்தை எரிந்ததைச் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"முசே, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார். அப்புறம், "கருப்புப் பொகையா?" என்று கேட்டார்.

"ஆமா முசே."

"சரி, வச்சிடறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தார். மாதம் ஒரு தடவையாவது பேசுவார். அங்கே பெய்கிற மழையைப் பற்றி, மருந்து மாத்திரைகளைப் பற்றி, எனக்கு அரசு வேலை வந்ததா என்று. கூடத்தைப் பற்றியோ கரியமில வாயுவைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. நானும் எடுத்ததில்லை.